மண் மலடாகுமா?

(திங்கள்தோறும் கூடும் தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



தமிழாசிரியனுக்கு மண்ணாய்வகத்தில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். என்னை அங்கு இழுத்துச் சென்றது ஒரு சொல். “மண் மலடாகிவிட்டது ஐயா” என்று நம் உழவர்கள் சொல்லக் கேட்கின்றோம். கேட்கும் அலுவலர்கள் அதனை ஒரு பெருமூச்சாக எடுத்துக்கொள்கிறார்கள். மேடையில் பேசுவோர் கைதட்டலுக்குரிய உருவகமாக எடுத்துக்கொள்கிறார்கள். இலக்கணம் கற்பித்துப் பழகிய எனக்கு, இஃது உருவகந்தானா, அன்றி உள்ளதை உள்ளவாறே கூறும் கூற்றா என்று ஓர் ஐயம் எழுந்தது. மலடு என்னும் சொல் உயிருள்ளவற்றுக்கே உரியது. கல் மலடாவதில்லை, இரும்பு மலடாவதில்லை. மண்ணை மலடு என்று சொன்ன வாய், மண்ணுக்கு உயிருண்டு என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு விட்டதன்றோ? அவ்வுயிரை அளக்க முடியுமா, அளந்தோர் யார், அளந்து கண்டது என்ன என்று தேடிப் படித்தேன். அதனையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

நம் ஊர்ப்பக்கங்களில் உழவர்கள் அறிந்திருக்கும் மண்ணாய்வகம் ஒன்றுண்டு. வயலிலிருந்து எடுத்துச் சென்ற மண்ணை நிழலில் உலர்த்துவார்கள், கட்டையால் தட்டிப் பொடியாக்குவார்கள், 2 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலிப்பார்கள். பின்னர் அதிலுள்ள உப்புகளையும் ஊட்டங்களையும் கணக்கிடுவார்கள். 2015-இல் நடுவண் அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் இம்முறையில் அமைந்ததே. அவ்வட்டையில் 12 செய்திகள் இடம்பெறும். காடி காரநிலை, உப்புநிலை, மட்குக் கரிமம் என்பன மூன்று. தழையூட்டம், மணியூட்டம், சாம்பலூட்டம், கந்தகம் என்பன நான்கு. துத்தநாகம், இரும்பு, செம்பு, மங்கனீசு, போரான் என்பன ஐந்து. இவை வேண்டுவனவே, இவற்றை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும், இப்பன்னிரண்டனுள் மண்ணில் வாழும் உயிர் எத்துணை என்று நேராகச் சொல்லும் வரி ஒன்றேனும் உண்டா? இல்லை. மட்குக் கரிமம் ஒன்றே அதற்குச் சற்று அண்மையில் நிற்கிறது. சொல்லவும் இயலாது, ஏனெனில் உலர்த்திய அப்போதே அம்மண்ணில் இருந்த உயிர்களுட் பல மாண்டன, எஞ்சியவை உறங்கிப்போயின.

மண் சூழலியல் ஆய்வகம் என்பது வேறொரு வகையது. அங்கே முதற்கேள்வி “இம்மண்ணில் என்ன இருக்கிறது?” என்பதன்று, “இம்மண்ணில் யார் வாழ்கிறார்கள், என்ன செய்கிறார்கள்?” என்பதே. உயிர்களை மண் எவ்வாறு தாங்குகிறது, அவ்வுயிர்கள் மண்ணை எவ்வாறு ஆக்குகின்றன என்னும் இருவழிப் போக்கை ஆய்வதே அதன் தொழில். ஆதலின் மண்கூறு எடுப்பதிலேயே அதன் போக்கு மாறிவிடுகிறது. வயலில் பல இடங்களில், ஒரே ஆழத்தில், கூரிய குழாயை இறக்கி மண்ணை எடுப்பார்கள். அன்றைய வெப்பம், ஈரம், நின்ற பயிர், எத்தனை நாளுக்குமுன் உழுதது ஆகியவற்றை அங்கேயே குறிப்பார்கள். மண்ணைப் பையிலிட்டுக் குளிர்ப்பெட்டியில் 4 பாகை வெப்பநிலையில், உறையவும் விடாமல் புழுங்கவும் விடாமல், வைப்பார்கள். கல்லையும் வேரையும் கையால் நீக்கி, ஈரத்தோடேயே சலிப்பார்கள். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது போன்ற கருத்து அதில் இருக்கக் காணலாம்.

பிறகு ஒரு சிறு பகுதியை நிறுத்து, 105 பாகை வெப்பத்தில் ஒரு முழுநாள் உலர்த்தி, மறுபடியும் நிறுப்பார்கள். இழந்த எடையே மண்ணின் ஈரம். இவ்விடத்தில் திருவள்ளுவர் நினைவுக்கு வருகிறார். ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் விளையும் என்பது உழவு அதிகாரத்தில் அவர் கூறும் கருத்து. வள்ளுவர் ஆய்வகம் வைத்திருந்தார் என்று மார்தட்டுவாரோடு நான் சேரேன். அவ்வாறு பேசுவது அவர்க்கும் பெருமையன்று, அறிவியலுக்கும் பெருமையன்று. ஆயினும் மண்ணை நிறுத்துப் பேசும் வழக்கு நம் மொழிக்குப் புதியதன்று என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கின்றேன்.

நல்ல மண்ணில் ஏறத்தாழப் பாதிதான் மண். மறுபாதி வெற்றிடம். அவ்வெற்றிடத்தில் நீரும் காற்றும் மாறிமாறிக் குடியிருக்கும். வீடு என்பது சுவரா, சுவர்களுக்கு இடையிலுள்ள வெளியா என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? குடியிருப்போர்க்கு வெளிதானே வீடு! ஆதலின் சூழலியல் ஆய்வகத்தார் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அக்கறையோடு அளக்கிறார்கள். அளவு தெரிந்த உருளையை மண்ணில் இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணை உலர்த்தி நிறுத்தால், அடர்வு தெரிந்துவிடும். எடைமிகுந்த பொறிகள் ஓடி ஓடி அழுத்திய நிலத்தில் உப்பும் ஊட்டமும் குறையாமல் இருக்கலாம், வெளி குறைந்திருக்கும். அட்டையில் எல்லாம் சரியாயிருந்தும் பயிர் வாடுவதன் கரணியங்களுள் இஃது ஒன்று.

இனிக் குடியிருப்போரைப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியும் சிற்றுயிர்களை மண்ணிலிருந்து எவ்வாறு பிரிப்பது? இத்தாலி நாட்டுப் பூச்சியியல் அறிஞர் அந்தோணியோ பெர்லீசு 1905-இல் ஒரு வழி கண்டார். பின்னர்ச் சுவீடன் நாட்டுத் தல்கிரன் அதனை எளிமையாக்கினார். நாம் எண்ணெய் ஊற்றப் பயன்படுத்தும் வைத்தூற்றி இருக்கிறதல்லவா, புனல் என்றும் சொல்கிறோமே, அதன் வாயில் ஒரு சல்லடையை வைத்து அதன்மேல் மண்ணைப் பரப்ப வேண்டும். மேலே ஒரு விளக்கு. கீழே எரிசாராயம் உள்ள சிறு புட்டி. விளக்கின் வெப்பத்தால் மண் மேலிருந்து கீழாக உலரும். உள்ளிருக்கும் உண்ணிகளும், வால் தெறித்துத் துள்ளும் சிறு பூச்சிகளும், ஈரத்தையும் இருளையும் நாடிக் கீழே கீழே இறங்கிச் சில நாள்களில் புட்டிக்குள் விழும். நூற்றாண்டு கடந்தும் இன்றும் இம்முறைதான். விலையுயர்ந்த பொறி எதுவும் இதற்கு வேண்டுவதில்லை.

இதனைப் போன்றே நீர்வழியில் இயங்கும் நூற்புழுக்களைப் பிரிக்கும் முறை 1917-இல் சாவகத் தீவில் பேர்மன் என்பவரால் கண்டறியப்பட்டது. மெல்லிய துணியில் மண்ணைக் கட்டி, நீர் நிறைந்த வைத்தூற்றியில் தோய வைத்தால், நூற்புழுக்கள் துணியின் வழியே வெளிவந்து அடிக்குழாயில் தங்கும். அவற்றை நுண்ணோக்கியில் வைத்து வாயைப் பார்ப்பார்கள். ஆம், வாயைத்தான்! வேரைத் துளைக்கும் ஊசிவாய் ஒருவகை. பிற புழுக்களை உண்ணும் பல்வாய் ஒருவகை. நுண்ணுயிர்களை உறிஞ்சும் குழல்வாய் ஒருவகை. எவ்வகை வாய் எவ்வளவு என்று எண்ணினால் அம்மண்ணில் யார் யாரை உண்டு வாழ்கிறார்கள் என்னும் குடும்பக் கணக்கு தெரிந்துவிடும். நூற்புழு என்றதும் மருந்தடிக்க ஓடும் நம்மவர்கள், அவற்றுட் பெரும்பாலானவை பயிரைத் தொடாதவை என்பதை அறிதல் நலம்.

மண்புழுவுக்கு 25 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் மண்ணை வெட்டியெடுத்துக் கையாலேயே எண்ணுவார்கள். ஆழத்திற்கு ஓடிவிட்ட புழுக்களை மேலே அழைக்க ஒரு வழியுண்டு. முன்பெல்லாம் நச்சுநீரை ஊற்றினார்கள். இப்போது கடுகுத்தூளைக் கரைத்து ஊற்றுகிறார்கள். கடுகின் காரம் பொறாமல் அவை மேலே வந்துவிடும். நம் அடுக்களைப் பொருள் அங்கே ஆய்வுக் கருவியாகிவிட்டது! மண்புழுவை அறிவியலின் பெருமன்றத்தில் ஏற்றியவர் சார்லசு தார்வின். உயிரினத் தோற்றத்தைப் பற்றிய அவருடைய நூலை எல்லாரும் அறிவர். அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டில், 1881-இல், வெளியிட்ட கடைசி நூல் மண்புழுக்களைப் பற்றியது என்பதைச் சிலரே அறிவர். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே சென்று வெளிவருகிறது என்று அவர் கணக்கிட்டார். புழுக்களுக்குக் காது உண்டா என்று பார்க்கப் பியானோவை வாசிக்கச் செய்தார். அவை அசையவில்லை. புழுச்சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடிவிட்டன. உலகப் புகழ் பெற்ற முதியவர் ஒருவர் சட்டியிலுள்ள புழுவுக்கு இசை வாசிக்கச் செய்து பார்த்துக்கொண்டிருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். மண்ணை ஆய்வோர்க்கு வேண்டிய பொறுமை அது.

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு வருவோம். ஒரு கிராம் மண்ணில் அவற்றின் எண்ணிக்கை நூறு கோடியையும் எட்டும். பழைய முறையில், மண்ணைக் கரைத்துக் கூழ்ப்பரப்பில் தெளித்து, முளைக்கும் திட்டுகளை எண்ணினார்கள். ஆனால் அங்ஙனம் முளைப்பவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. மற்றவை கூழில் வளர மறுப்பவை. எனவே ஒவ்வொன்றாக எண்ணுவதை விட்டு, எல்லாம் சேர்ந்து விடும் மூச்சை அளக்கும் முறைகள் வந்தன. ஈரமண்ணை ஒரு புட்டியிலிட்டு, அருகே எரிகாரக் கரைசல் உள்ள சிறு குப்பியை வைத்து, காற்றுப்புகாமல் மூடிவிட வேண்டும். மண்ணிலுள்ள உயிர்கள் விடும் கரிவளியைக் கரைசல் பிடித்துக்கொள்ளும். சில நாள் கழித்து அக்கரைசலில் காடியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு காரம் செலவாகியுள்ளது என்று கண்டால், மண் எவ்வளவு மூச்சு விட்டது என்பது கிராம் கணக்கில் வந்துவிடும். மேனிலைப் பள்ளி வேதியியல் அறையில் செய்யத்தக்க ஆய்வு இது.

மூச்சு மட்டும் போதாது; உறங்குவோர் மெல்லவும் உழைப்போர் மிகவும் மூச்சு விடுவர். மக்கள்தொகை வேண்டும். அதற்கு 1976-இல் இங்கிலாந்தின் உரோதம்சுடெடு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த செங்கின்சன், பவுல்சன் என்னும் இருவர் ஒரு முறையை அமைத்தனர். கேட்டால் சற்றே நடுக்கம் தரும் முறை. மண்ணைக் குளோரோபார ஆவியில் ஒருநாள் அடைத்து வைப்பார்கள். நுண்ணுயிர்கள் மாண்டுவிடும். ஆவியை அகற்றிவிட்டு, பத்து நாள் விட்டுவைத்தால், பிழைத்தவை மாண்டவற்றை உண்டு பெருகும். அப்போது மண் திடீரென்று மிகுதியாக மூச்சு விடும். ஆவி காட்டாத அதே மண்ணின் மூச்சை இதிலிருந்து கழித்தால், மாண்டவை எவ்வளவு என்று கணக்கிடலாம். பந்தியில் செலவான உணவைக் கொண்டு அடுக்களையில் இருந்த உணவைக் கணக்கிடுவது போன்றது இது. 1987-இல் பத்து நாள் காத்திராமல், மாண்ட உயிர்களின் கரிமத்தை உப்புக்கரைசலால் நேரே பிரித்தெடுக்கும் முறையும் அதே நிலையத்திலிருந்து வந்தது.

மண்ணிலுள்ள மட்குக் கரிமத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரையே பொதுவாக உயிரோடு இருக்கும் நுண்ணுயிர்களின் பங்கு. இச்சிறு பங்கை அளப்பானேன் என்று கேட்கலாம். 18 ஆண்டுகள் வைக்கோலை எரிக்காமல் மண்ணிலேயே மடக்கி உழுத தென்மார்க்கு வயல்களை ஆய்ந்து 1987-இல் வெளியிட்டார்கள். மொத்தக் கரிமம் நூற்றுக்கு ஐந்தே உயர்ந்திருந்தது. மண்ணாய்வு அட்டையில் பார்த்தால் ‘மாற்றமில்லை’ என்றே தோன்றும். நுண்ணுயிர்க் கரிமமோ நூற்றுக்கு 45 உயர்ந்திருந்தது! மண் தேறுகிறதா தேய்கிறதா என்பதை உயிர் முன்னே சொல்லிவிடுகிறது; எஞ்சிய மண் பல்லாண்டு கழித்தே சொல்கிறது. வைக்கோலை மடக்கி உழுத உழவன் பயனில்லை என்று கைவிட்டுவிடாமல் காக்கத்தக்க செய்தி அந்த 45-இல் அடங்கியிருக்கிறது. அதனை அவனுக்குச் சொல்லும் அட்டை வேண்டும் என்பதே என் கருத்து.

அண்மைக் காலத்தில் மண்ணிலிருந்து மரபிழைகளை நேரே பிரித்தெடுத்து, வளர்க்காமலே இன்னின்ன இனங்கள் உள்ளன என்று படிக்கும் முறை பரவியிருக்கிறது. அதன் நுட்பத்தை விரிப்பது என் ஆற்றலுக்கு மேற்பட்டது. ஆயின் ஒரு சொல்லைக் குறிப்பிட வேண்டும். முதன்மழைக்கு எழும் மணத்தை நாம் மண்மணம் என்கிறோம். அம்மணத்திற்குரிய பொருளை மண்ணிலுள்ள இழைவடிவ நுண்ணுயிர்கள் ஆக்குகின்றன. அதனை 1965-இல் பிரித்தெடுத்த அமெரிக்க அறிஞர்கள் ‘சியோசுமின்’ என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் ‘சியோ’ என்பது நிலம். ‘ஓசுமே’ என்பது மணம். அவர்கள் தம் அறிவுலகின் பழைய மொழியிலிருந்து எடுத்துக் கோத்த சொல்லை, நம் பாட்டி கோக்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். அதனை மண்மணம் என்றே நம் பாடநூலில் எழுதினால் எந்தக் குடியும் முழுகிவிடாது. செவ்வல், கரிசல், வண்டல், களர், உவர் என்று மண்ணுக்கு இத்தனை பெயர் வைத்த மொழிக்கு மண்ணறிவியல் எட்டாது என்பார் கூற்றுக்கு வேறு விடை நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணை அறையில் அளந்தால் போதாது. வயலிலும் அளக்க வேண்டும். இலைச்சருகை நிறுத்து வலைப்பையில் இட்டுப் புதைத்து, சில திங்கள் கழித்து எடுத்து நிறுப்பது ஒரு முறை. வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் புழு புகாது. இன்னுஞ் சிறிதாக்கினால் பூச்சியும் புகாது. எப்பையில் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட்டால், மட்கவைக்கும் வேலையில் யார் பங்கு எவ்வளவு என்று தெரியும். 2013-இல் வெளியான ஒரு முறை இதனை எல்லார் கையிலும் கொடுத்துவிட்டது. கடையில் விற்கும் தேயிலைப் பைகளையே, பசுந்தேயிலையும் தென்னாப்பிரிக்கச் செந்தேயிலையுமாக இருவகை, 8 செ.மீ. ஆழத்தில் 90 நாள் புதைத்து நிறுப்பது. ஒன்று விரைந்து மட்கும்; மற்றது மெல்ல மட்கும். உலகெங்கும் ஒரே பை என்பதால் ஒருநாட்டு மண்ணை மற்றொரு நாட்டு மண்ணோடு ஒப்பிட முடிகிறது.

இனி, என் முதல் ஐயத்திற்கு விடை தந்த இடத்திற்குச் செல்வோம். இருவரை முன்னே பெயர் சொன்னேனே, அவர்கள் உழைத்த உரோதம்சுடெடு, இலண்டனுக்கு வடக்கே ஆர்ப்பெண்டன் என்னும் ஊரில் உள்ளது. அதனை 1843-இல் தொடங்கியவர் சான் பென்னட்டு இலாசு என்னும் நிலக்கிழார். எலும்பையும் பாறையையும் கந்தகக் காடியில் கரைத்து உரமாக்கி விற்கும் உரிமையை 1842-இல் பெற்றவர் அவர். உரவணிகர் ஒருவர் உரத்தை ஆயத் தொடங்கினார் என்றால் ஐயுறத்தான் தோன்றும். ஆயின் கில்பர்ட்டு என்னும் வேதியறிஞரைத் துணைக்கொண்டு, 57 ஆண்டுகள் இருவரும் ஒரே வயலை விடாது அளந்தார்கள். பிராடுபாக்கு என்னும் அவ்வயலில் 1843-இல் விதைத்த கோதுமை ஆய்வு இன்றும் நடக்கிறது. ஒரு பத்தியில் எதுவும் இடுவதில்லை. ஒரு பத்தியில் ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 தொன் தொழுவெரு. பிற பத்திகளில் வேதியுரங்கள் பல அளவுகளில்.

இங்கே நம்மவர் சிலர்க்கு உவப்பில்லாத செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேதியுரம் இட்ட பத்திகள் நூற்றெண்பது ஆண்டாகியும் விளைகின்றன. நெடுங்காலம் தொழுவெருப் பத்திக்கு இணையாகவே விளைந்தன. ‘உப்புரம் பட்டால் நிலம் உடனே செத்துவிடும்’ என்று மேடையில் முழங்குவோர் இவ்வயலையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதே வேளையில், உப்புரக் கடைக்காரரும் மறுபாதியைக் கேட்க வேண்டும். தொழுவெருப் பத்தியின் மேல்மண்ணில் எதுவும் இடாத பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட கரிமம் சேர்ந்திருக்கிறது. உழும்போது ஏரை இழுக்க வேண்டிய விசையையும் அளந்து பார்த்தார்கள்; கரிமம் மிகுந்த மண்ணில் அது குறைந்திருந்தது. மாடு பூட்டி உழுத நம் பாட்டன்மார்க்கு இதனை யாரும் அளந்து சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அதே நிலையத்தின் பூங்காப் புல்வெளியில் 1856 முதல் மற்றோர் ஆய்வு நடந்து வருகிறது. எதுவும் இடாத பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட செடிவகைகள் கலந்து நிற்கின்றன. அம்மோனிய உப்பையே ஆண்டுதோறும் இட்டு, சுண்ணாம்பு இடாமல் விட்ட பகுதியில் மண் கடுங்காடியாகி, இரண்டு மூன்று வகைகளே எஞ்சியுள்ளன. அப்பகுதியில் மண்புழு இல்லை. இழுத்துப் புதைக்க ஆளில்லாமையால் பட்ட புல் மட்காது, மெத்தைபோல் மேலேயே படிந்து கிடக்கிறது. உப்பு ஒன்றை ஆண்டாண்டாக அளவறியாது இட்டால் யார் வீடு முதலில் காலியாகும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

மூன்றாவது வயலே எனக்கு இன்றியமையாதது. ‘மேட்டுவயல்’ என்று பொருள்படும் ஐபீல்டு என்னுமிடத்தில், பழம்புல்வெளி ஒன்றின் ஒரு பகுதியை 1959 முதல் ஒரு புல்லும் முளைக்கவிடாமல் உழுது உழுது வெறுநிலமாகவே வைத்தார்கள். வேர் இல்லை, சருகு இல்லை, எரு இல்லை. அரை நூற்றாண்டுப் பட்டினி! 2009-இல் அதன் மண்ணை ஆய்ந்து வெளியிட்டபோது, நுண்ணுயிர்களின் எண்ணிக்கை மிகவும் வீழ்ந்திருந்தது. மண் மெலிந்திருந்தது. ஆனால் அவற்றின் வகைப்பெருக்கம் அவ்வாறு குன்றவில்லை. குடிகள் குறைந்தனர், குலங்கள் அழியவில்லை. 2008-இல் அவ்வெறுநிலத்தின் ஒரு பகுதியில் மீண்டும் புல் விதைத்தார்கள். ஒரு சில ஆண்டுகளுக்குள் நுண்ணுயிர்களும் சிறுபூச்சிகளும் மீண்டு பெருகின. கரிமம் மட்டும் மெல்ல மெல்லவே ஏறுகிறது.

இதனால் என் இலக்கண ஐயம் தீர்ந்தது. உழவர் வாய்ச்சொல் வெற்று உருவகமன்று; அளந்து காட்டக்கூடிய நிலையே. ஆயின் சொல்லில் ஒரு திருத்தம் வேண்டும். மலடு என்றால் இனிப் பிறவாது என்று பொருள். ஐபீல்டு மண் மலடாகவில்லை, பசித்துக் கிடந்தது. பசிக்கு மருந்து உண்டு. இங்கிலாந்தின் குளிர்மண்ணில் கண்டது நம் வெயிலில் அப்படியே நிகழும் என்று நான் சொல்லவில்லை. நம் நிலத்தில் சருகு விரைந்து எரிந்துபோகிறது. சேர்க்கும் கரிமம் நிற்பது கடினம். அதனை நம் மண்ணிலேயே அளந்து காண வேண்டும். அளக்க இடமும் இருக்கிறது. கோவை வேளாண் கல்லூரி நிலத்தில் உரோதம்சுடெடு முறையைப் பின்பற்றி 1909-இல் நிலையான உர ஆய்வொன்றைத் தொடங்கினார்கள். 1925-இல் இரண்டாவது ஆய்வும் தொடங்கிற்று. நூற்றாண்டு கடந்த ஆய்வு வயல் நம் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதை நம் பள்ளி மாணவர்கள் அறியாமல், பாடநூலில் அயல்நாட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உரோதம்சுடெடு நிலையத்தில் இன்னொரு செல்வமும் உண்டு. 1843 தொட்டு எடுத்த மண்ணையும் வைக்கோலையும் கூலத்தையும் புட்டிகளிலும் பெட்டிகளிலும் அடைத்து வைத்திருக்கிறார்கள். மூன்று நூறாயிரத்துக்கும் மேற்பட்டவை. எதற்கு உதவும் என்று தெரியாமலே வைத்தவை அவை. அணுக்குண்டு வெடித்துப் பார்த்த காலத்தின் துகள் பயிரில் எந்த ஆண்டில் படிந்தது என்பதை, பின்னர் வந்தோர் அப்பழம் பெட்டிகளைத் திறந்து கண்டறிந்தார்கள். அடைத்து வைக்கத் தொடங்கியபோது அணுக்குண்டு என்னும் சொல்லே பிறந்திருக்கவில்லை. ஏடுகளைக் கறையானுக்கும் ஆற்றுக்கும் கொடுத்து இழந்த இனத்தில் பிறந்தவனுக்கு இதனைப் படிக்கையில் நெஞ்சு சற்றே வலிக்கத்தான் செய்கிறது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சாயமேற்றாத தூய பருத்தித் துணியை ஒரே அளவான துண்டுகளாக வெட்டி, உலர்த்தி நிறுத்து, எண்ணிட்டுக்கொள்ளுங்கள். செயற்கையிழை கலந்த துணி ஆகாது. அஃது எம்மண்ணிலும் மட்காது. பள்ளித் திடலில் ஒன்று, கரையோர மரத்தடியில் ஒன்று, எரு இட்ட வயலில் ஒன்று, எரு காணாத வயலில் ஒன்று என நான்கிடத்தும் ஒரு சாண் ஆழத்தில் நட்டுக்குத்தாகப் புதையுங்கள். ஓரிடத்தில் ஒரு துண்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒவ்வோரிடத்தும் மூன்று துண்டுகளாவது வேண்டும். புதைத்த நாள், மழை பெய்த நாள்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். பருத்தியை உண்பவை மண்ணிலுள்ள பூசணங்களும் நுண்ணுயிர்களும்; கறையான் அரித்தது வேறாகத் தெரியும், அதனையும் எழுதுங்கள். இரண்டு திங்கள் கழித்து எடுத்து, மண்ணை மெல்லக் கழுவி, உலர்த்தி நிறுங்கள். ஐயா பழனியப்பர் தம் கொல்லையிலும் கரிசல் வயலிலும் இடந்தர இசைந்திருக்கிறார். தராசு என் அறையில் உள்ளது. வரும் காரிக்கிழமை பள்ளி முடிந்ததும் மண்வெட்டியோடு வாருங்கள்.